வட்டார மேம்பாட்டு நிதியும் கூட்டு ஆராய்ச்சியும்: அரும்பாவூர்ப் பகுதி உழவர் அறிய வேண்டியவை

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது அரும்பாவூர். மரச் சிற்பத்திற்குப் பெயர் பெற்ற இப்பேரூரைச் சுற்றியுள்ள நிலங்களில் ஏரிப் பாசனம், கிணற்றுப் பாசனம், மானாவாரி ஆகிய மூன்றும் கலந்தே நடைபெறுகின்றன. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் மாவட்டத்தின் முக்கியப் பயிர்கள்.

இப்பகுதிச் சிறு விவசாயிக்கு மூன்று கவலைகள் உண்டு. மலையில் பெய்யும் மழை ஓரிரு நாளில் ஓடி வடிந்துவிட, கோடையில் கிணறு வறண்டு போகிறது. மக்காச்சோளக் குருத்தைப் படைப்புழு தின்று தீர்க்கிறது. வெங்காயத்திற்கு விதைக்காய் வாங்கும் செலவு ஆண்டுதோறும் கையைக் கடிக்கிறது. இம்மூன்றில் எதையும் இரண்டு ஏக்கர் நிலமுள்ள ஒருவர் தனியாகத் தீர்த்துக்கொள்ள முடியாது. தன் வயலில் வரப்புப் போட்டாலும் மேலேயுள்ள ஓடையின் வேகம் குறைவதில்லை. தன் வயலில் மருந்து தெளித்தாலும் பக்கத்து வயலிலிருந்து அந்துப்பூச்சி பறந்து வருகிறது. புதிய ரகம் உருவாக்குவதோ எந்தத் தனி மனிதராலும் ஆகக்கூடியதன்று.

இத்தகைய பொதுவான குறைகளைத் தீர்க்கவே அரசுகள் பொதுப் பணத்திலிருந்து இரு வகை நிதி ஒதுக்குகின்றன. ஒன்று, ஒரு வட்டாரத்தின் மண்ணையும் நீரையும் வாழ்க்கையையும் மேம்படுத்தும் நிதி. மற்றொன்று, பல நிலையங்கள் ஒன்றுகூடிச் செய்யும் ஆராய்ச்சிக்கான நிதி. இவை எங்கிருந்து வருகின்றன, எவ்வாறு செலவிடப்படுகின்றன, நீங்கள் இவற்றில் எவ்வாறு பங்கு கொள்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தனி மானியமும் வட்டார நிதியும்

சொட்டுநீர்ப் பாசனக் கருவிக்குத் தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், பிற விவசாயிகளுக்கு 75 சதவீதமும் மானியம் வழங்கப்படுகிறது. இது தனி மானியம். விண்ணப்பித்தவருக்குக் கருவி கிடைக்கும், பயனும் அவருக்கே.

வட்டார நிதி அவ்வாறன்று. இங்கே பயனாளி ஓர் ஆள் அல்ல, ஒரு நிலப்பகுதி. பணம் தனி ஒருவர் கைக்கு வருவதில்லை. தடுப்பணையாகவும், கசிவுநீர்க் குட்டையாகவும், தூர் வாரிய வாய்க்காலாகவும் மாறுகிறது. ஆகவே ஊரார் கூடித் தீர்மானித்தால்தான் அது சரியான இடத்தில் செலவாகும். கூடாவிட்டால் எங்கே எளிதோ அங்கே செலவாகிவிடும். தனி மானியத்தைத் தவற விட்டால் இழப்பு ஒருவருக்கு. வட்டார நிதியைத் தவறாகச் செலவிட்டால் இழப்பு ஊர் முழுவதற்கும்.

இம்முறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. பின்தங்கிய பகுதிகளை உயர்த்த 1975-இல் ஐரோப்பிய நாடுகள் வட்டார வளர்ச்சி நிதி ஒன்றை ஏற்படுத்தின. 1991-இல் அங்கே தொடங்கிய 'லீடர்' திட்டத்தில் உழவர், வணிகர், உள்ளாட்சியினர் ஆகியோர் சேர்ந்த உள்ளூர்க் குழுவே திட்டத்தைத் தீட்டியது. மேலிருந்து வரும் பணத்தோடு உள்ளூர்ப் பங்கும் சேர வேண்டும் என்பதும், திட்டத்தை ஊரே வகுக்க வேண்டும் என்பதும் அங்கும் இங்கும் ஒன்றாகவே உள்ள விதிகள்.

நிதி எங்கிருந்து வருகிறது?

நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்குத் தற்போது நடுவண் அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் அளிக்கின்றன. வறட்சிப் பகுதிகளுக்கென 1973-74-இல் தனித் திட்டம் தொடங்கப்பட்டது. 1995-இல் நீர்வடிப்பகுதிகளுக்குப் பொது வழிகாட்டு நெறிகள் வந்தன. 2008-இல் அவை திருத்தப்பட்டு, 2009-10 முதல் ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதி மேலாண்மைத் திட்டமாயிற்று. 2015-16 முதல் அது பிரதம மந்திரி கிரிஷி சிஞ்சாயி யோஜனாவின் ஓர் அங்கமாயிற்று. தமிழகத்தில் இதனைத் தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை நடத்துகிறது. நபார்டு வங்கியும் 1999-2000 முதல் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி ஒன்றை வைத்துள்ளது.

2021-22 முதல் 2025-26 வரையிலான கட்டத்தில், சமவெளிக்கு எக்டருக்கு 22,000 ரூபாயும், மலை மற்றும் இடர்ப்பாடுள்ள பகுதிகளுக்கு 28,000 ரூபாயும் என வரையறுக்கப்பட்டது. 500 எக்டர் பரப்புள்ள ஒரு சிறு நீர்வடிப்பகுதிக்கு, சமவெளிக் கணக்கில், ஒரு கோடியே பத்து லட்சம் ரூபாய் என்றாகிறது. இது முழுவதும் கல்லுக்கும் சிமெண்டுக்கும் உரியதன்று. பயிற்சி, திட்ட அறிக்கை, நிலமற்றவரின் வாழ்வாதாரம், பயிர் மேம்பாடு, மேற்பார்வை, மதிப்பீடு என ஒவ்வொன்றிற்கும் பங்கு உண்டு. எந்த இனத்திற்கு எவ்வளவு என்று கேட்டறிவது உங்கள் உரிமை.

ஏரிகளுக்கு வேறு வழியாகவும் பணம் வருகிறது. உலக வங்கிக் கடனுதவியுடன் 2007-இல் தமிழகத்தில் நீர்வள, நிலவளத் திட்டம் தொடங்கியது. பொதுப்பணித் துறை, வேளாண்மைத் துறை, தோட்டக்கலைத் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, கால்நடை மற்றும் மீன்வளத் துறைகள், வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆகியவை ஒரே ஆற்று உபவடிநிலத்தில் சேர்ந்து பணியாற்றின. அதனைத் தொடர்ந்து வந்த நீர்ப்பாசன நவீனமயத் திட்டத்திற்கு 2017 டிசம்பரில் உலக வங்கி 31 கோடியே 80 லட்சம் அமெரிக்க டாலர் கடன் வழங்க ஒப்புதல் அளித்தது. 66 உபவடிநிலங்களில் சுமார் 4,800 ஏரிகளையும் 477 அணைக்கட்டுகளையும் சீரமைப்பது அதன் நோக்கம்.

இங்கே ஒன்றை மறக்கலாகாது. கடனாக வரும் பணத்தை வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டும். அதைச் செலுத்துவது நாம் கட்டும் வரிப் பணமே. எனவே 'அரசுப் பணம்தானே' என்று அலட்சியமாக இருப்பது, நம் பெயரில் வாங்கிய கடனை நாமே வீணாக்குவதற்கு ஒப்பாகும்.

மலை முதல் ஏரி வரை

ஒரு கணக்கைப் பாருங்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். சரிவான நிலத்தில் இதில் பெரும்பகுதி மேல் மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடுகிறது. அந்த மண் ஏரியில் படிந்து கொள்ளளவைக் குறைக்கிறது. ஆக, மேலே மண் போகிறது. கீழே ஏரி மேடாகிறது. இரண்டும் ஒரே நோயின் இரு அறிகுறிகள்.

எனவே நீர்வடிப்பகுதிப் பணியை மேலிருந்து கீழாகச் செய்ய வேண்டும். முதலில் மலைச்சரிவில் மரம், புல் வளர்ப்பு, சிறு ஓடைகளில் கல் தடுப்பு; அடுத்து இடைப்பட்ட நிலங்களில் சம உயர வரப்பு, பண்ணைக் குட்டை; கடைசியாகக் கீழே தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை என்பதே முறை. இம்முறை மாறிக் கீழே மட்டும் தடுப்பணை கட்டினால் சில மழைக்காலங்களிலேயே அது மண்ணால் நிரம்பிவிடும். பச்சைமலையிலிருந்து வரும் கல்லாற்றின் குறுக்கே விசுவக்குடியில் நீர்த்தேக்கம் கட்டப்பட்டுள்ளது. அத்தகைய நீர்த்தேக்கத்தின் ஆயுளும் அதற்கு மேலுள்ள சரிவு எவ்வளவு பசுமையாக இருக்கிறது என்பதையே பொறுத்தது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, அரியானா மாநிலத்தில் சண்டிகர் அருகேயுள்ள சுகோமாஜ்ரி என்னும் சிற்றூர். சண்டிகரின் சுக்னா ஏரி வேகமாகத் தூர்ந்து வந்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று மண் வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்தபோது, கால்நடைகள் மேய்ந்து மொட்டையான மேற்புறக் குன்றுகளே காரணம் எனத் தெரிந்தது. 1970-களின் நடுவில் அங்கே சிறு மண் அணைகள் கட்டப்பட்டன. ஊராரும் ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர். குன்றில் ஆடு மாடுகளை விடுவதில்லை. அதற்கு ஈடாக, நிலமற்றவர் உட்பட ஒவ்வொரு குடும்பத்திற்கும் அணை நீரில் சம பங்கு. நிலமில்லாதவர் தம் பங்கு நீரைப் பிறருக்குக் கொடுத்துப் பயனடையலாம். காவலாள் இல்லாமலே குன்று பசுமையாயிற்று. அறிவியல் நிலையத்தின் ஆய்வு, பொதுப் பணம், ஊரின் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவ்வெற்றிக்குக் காரணம். மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அது நிலைத்திருக்காது.

கூட்டு ஆராய்ச்சி என்றால் என்ன?

இனி இரண்டாம் வகை நிதியைப் பார்ப்போம். ஒரு நிலையத்தில் நன்றாக விளைந்த ரகம் எல்லா ஊரிலும் விளையும் என்று சொல்ல இயலாது. மண் வேறு, மழை வேறு, பூச்சியும் வேறு. ஆகவே ஒரே ரகத்தைப் பல மாநிலங்களில், பல நிலையங்களில், ஒரே முறையில் பயிரிட்டுப் பார்த்து முடிவுகளை ஒன்று சேர்ப்பதே ஒருங்கிணைந்த ஆராய்ச்சி.

இம்முறை நம் நாட்டில் முதன்முதலாக 1957-இல் மக்காச்சோளத்தில்தான் தொடங்கியது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஒத்துழைப்புடன் தொடங்கிய அத்திட்டத்தின் வழியாக 1961-இல் முதல் வீரிய ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. அதன் வெற்றியைக் கண்டே பிற பயிர்களுக்கும் அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டங்கள் ஏற்பட்டன. பருத்திக்கான திட்டம் 1967-இல் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. மாநில வேளாண்மைப் பல்கலைக்கழகங்களில் நடைபெறும் இத்திட்டங்களின் செலவில் 75 சதவீதத்தை இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகமும் 25 சதவீதத்தை மாநிலமும் ஏற்கின்றன.

ஆராய்ச்சி நிலையத்தில் தேறிய ரகம் உடனே வெளியிடப்படுவதில்லை. முதலில் பல நிலையங்களில் பல்லிட ஆய்வு. பின் உழவர் வயல்களிலேயே தகவாய்வுத் திடல். அங்கும் தேறினால்தான் பரிந்துரை. ஆராய்ச்சியின் கடைசித் தேர்வு உங்கள் வயலில்தான் நடக்கிறது.

ஆராய்ச்சியையும் உழவரையும் இணைக்க 1974-இல் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் மையம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று பெரம்பலூர் மாவட்டத்திற்கு வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்திற்குச் சோழமாதேவியிலும் இத்தகைய மையங்கள் உள்ளன. வேப்பந்தட்டையில் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

கூட்டு முயற்சி எவ்வளவு அவசரமானது என்பதைப் படைப்புழு காட்டிவிட்டது. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இப்புழு 2016-இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018 மே மாதத்தில் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழகத்திலும் பரவியது. புதிய பூச்சிக்குப் பழைய பரிந்துரை எதுவும் இல்லை. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைவனமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆராய்ந்ததால்தான், ஒரு பூச்சிமருந்தை மட்டும் நம்பாமல் ஒருங்கிணைந்த பாதுகாப்பு முறை வகுக்க முடிந்தது. கடைசி உழவில் எக்டருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுதல், விதை நேர்த்தி, தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி போன்றவற்றை வரப்புப் பயிராக இடுதல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல், பயிரின் பருவம் பார்த்து மருந்திடுதல் ஆகியவை அம்முறையின் கூறுகள். ஆயினும் ஊரில் ஒருவர் ஆடியிலும் மற்றொருவர் புரட்டாசியிலுமாக விதைத்தால் புழுவுக்கு இளம் பயிர் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருக்கும். ஊர் முழுவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் விதைக்க வேண்டும் என்பதை எந்த ஆராய்ச்சி நிலையமும் உங்களுக்காகச் செய்து தர முடியாது.

சின்ன வெங்காயத்திலும் இவ்வாறே. எக்டருக்கு ஏறத்தாழ 1,500 கிலோ விதைக்காய் தேவைப்படுகிறது. விலை ஏறிய ஆண்டில் இச்செலவு சிறு விவசாயியைக் கடனில் தள்ளிவிடுகிறது. பல்கலைக்கழகம் 2001-இல் வெளியிட்ட கோ 5 ரகம் பூத்து விதை பிடிக்கும் தன்மையுடையது. நாற்றங்காலில் விதையிட்டு நாற்று நடலாம் என்பதால் விதைச் செலவு பெரிதும் குறையும். ஆனால் நாற்றங்கால் பராமரிப்பும் நடவுக் கூலியும் கூடும். வயதும் கூடும். உங்கள் மண்ணில், உங்கள் கிணற்று நீரில் எது இலாபம் என்பதை அருகருகே பயிரிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் வயலில் ஆய்வுத் திடல்

ஆய்வுத் திடலுக்கு நிலம் தரும்போது கவனிக்க வேண்டியவை:

1. திடலுக்குப் பக்கத்திலேயே உங்கள் வழக்கமான முறையில் ஒரு பகுதி இருக்க வேண்டும். ஒப்பிட ஒன்று இல்லையேல் ஆய்வு இல்லை.

2. விதை, மருந்து யார் தருவது, கூலி யாருடையது, விளைச்சல் யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வழக்கமாக இடுபொருள் திட்டத்திலிருந்தும், நிலமும் உழைப்பும் உழவரிடமிருந்தும் வரும், விளைச்சல் உழவருக்கே.

3. விதைத்த நாள், மழை பெய்த நாள், தெளித்த மருந்து, செலவு, மகசூல் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள்.

4. பயிர் சரியாக வராவிட்டால் மறைக்க வேண்டாம். ஒரு ரகம் உங்கள் வயலில் தோற்றது என்ற செய்தி, நூறு வயல்களை நட்டத்திலிருந்து காக்கும்.

5. முடிவை ஊராருக்குக் காட்டுங்கள். அறுவடை நாளில் பத்துப் பேரை அழைத்து எடை போடுங்கள்.

திட்டத்தில் சேர என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, உங்கள் நிலம் எந்த உள்ளாட்சியில் உள்ளது என்று பாருங்கள். அரும்பாவூர் பேரூராட்சி, சுற்றியுள்ள பல ஊர்கள் ஊராட்சிகள். கிராம ஊராட்சிகளுக்கென வகுக்கப்பட்ட திட்டங்கள் பேரூராட்சி எல்லைக்குள் பொருந்தாமல் போகலாம். விண்ணப்பிக்கும் முன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் இதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இரண்டாவதாக, ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடைபெறும் கிராம சபைக்குத் தவறாமல் செல்லுங்கள். எந்த ஓடை, எந்தப் புல எண், எத்தனை கிணறுகளுக்குப் பயன் என்று எழுதிக்கொண்டு போய்த் தீர்மானமாக்குங்கள். 'எங்கள் ஊருக்குத் தண்ணீர் வேண்டும்' என்ற பொதுக் கோரிக்கையை விட இது பலன் தரும்.

மூன்றாவதாக, குழுவாகச் சேருங்கள். தமிழக அரசு 2017-18-இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 விவசாயிகள் கொண்ட உற்பத்தியாளர் குழுவுக்கு வேளாண் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. 2021-22-இல் தொடங்கிய கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டமும், 10 முதல் 15 ஏக்கர் வரை சேர்ந்தாற்போல் உள்ள தரிசு நிலங்களைத் தொகுப்பாக்கி, பொது நீர் ஆதாரம் ஏற்படுத்தும் முறையிலேயே அமைந்தது. தனியாக நிற்பவருக்கு இத்தகைய திட்டங்களில் இடமில்லை.

நான்காவதாக, 'அட்மா' எனப்படும் வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமையில் வட்டார அளவில் உழவர் ஆலோசனைக் குழு உண்டு. எந்தப் பயிருக்கு என்ன ஆய்வு தேவை என்று சொல்ல வேண்டிய இடம் அதுவே. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் எழுத்து மூலம் கேட்கலாம்.

ஐந்தாவதாக, ஏரி ஆயக்கட்டில் நிலமுள்ளவர்கள் 2000-ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின்படி அமையும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினர்கள். சங்கத் தேர்தலையும் கூட்டத்தையும் பெயரளவுக்கு விட்டுவிடாதீர்கள். கடைமடை நிலத்தாருக்கும் நிர்வாகத்தில் இடம் இருக்கட்டும்.

ஆறாவதாக, பணி நடக்கும் இடத்தில் மதிப்பீடு, அளவு, முடிக்க வேண்டிய நாள் ஆகியவை எழுதிய பலகை உள்ளதா என்று பாருங்கள். இல்லையேல் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டு நகலைப் பெறலாம்.

உங்கள் பங்கு ஏன்?

'அரசே தரும்போது நாங்கள் ஏன் பங்குத் தொகை தர வேண்டும்?' என்று பலர் கேட்கின்றனர். 2008-ஆம் ஆண்டு நெறிகளின்படி, தனியார் நிலத்தில் செய்யப்படும் மண், நீர்ப் பாதுகாப்புப் பணிக்கு 10 சதவீதமும், சிறு, குறு விவசாயிகளும் ஆதிதிராவிடர், பழங்குடியினரும் 5 சதவீதமும் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வகுக்கப்பட்டது. 2016-17 முதல் நடந்த குடிமராமத்துப் பணிகளிலும் பாசனதாரர் பங்கு 10 சதவீதம். நபார்டு திட்டத்தில் ஊர் மக்கள் முதலில் உழைப்பைத் தானமாகத் தந்து ஒற்றுமையைக் காட்டிய பின்பே முழு நிதி.

நீர்வடிப்பகுதித் திட்டத்தில் இப்பங்குத் தொகை எங்கும் போய்விடுவதில்லை. அது ஊரின் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதியாகச் சேர்கிறது. திட்டம் சில ஆண்டுகளில் முடிந்து அலுவலர்கள் வேறு ஊருக்குச் சென்றுவிடுவார்கள். அதன் பின் உடைந்த கரையை அடைக்கவும், தூரை அள்ளவும் கையிலிருக்கும் பணம் அது ஒன்றே. தான் ஒரு நாள் மண் சுமந்த கரையை யாரும் வெட்டிவிட மாட்டார்கள் என்பதும் பங்கு கேட்பதற்கு ஒரு காரணம்.

திட்டம் முடியுமுன்பே மூன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கரையைப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு? ஆண்டுக்கு ஏக்கருக்கு எவ்வளவு வசூல்? உயர்ந்த நிலத்தடி நீரைப் பங்கிடுவது எப்படி? மூன்றாவது கேள்வியே மிக முக்கியமானது. தடுப்பணையால் கிணற்றில் ஏறிய நீரை, வசதியுள்ள நால்வர் புதிய ஆழ்துளைக் கிணறுகள் போட்டு உறிஞ்சிவிட்டால், ஊரார் அனைவரின் உழைப்பும் அந்த நால்வருக்குப் போய்ச் சேரும். அதிக நீர் குடிக்கும் பயிருக்கு மாறுவதில்லை, சொட்டுநீர் இல்லாமல் கோடைப் பயிர் இல்லை என்று ஊரே கட்டுப்பாடு வகுத்துக்கொள்வது நல்லது.

அரும்பாவூர் மரச் சிற்பத்திற்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது எந்தத் தனிச் சிற்பிக்கும் உரியதன்று. அவ்வூரில் அக்கலையைச் செய்வோர் அனைவருக்கும் பொதுவானது. அதுபோலவே பச்சைமலையின் நீரும், அதன் அடிவார மண்ணும், ஆராய்ச்சியில் கிடைத்த அறிவும் இப்பகுதி உழவர் அனைவருக்கும் பொது. அடுத்த கிராம சபைக்கு முன்பே உங்கள் ஓடையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே மண் அரிக்கிறது, எங்கே கரை உடைந்துள்ளது, எந்தக் கிணறு எந்த மாதத்தில் வறள்கிறது என்று குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பே உங்கள் ஊர்த் திட்ட அறிக்கையின் முதல் பக்கம். அதனை அதிகாரிகள் எழுதும் வரை காத்திராமல் நீங்களே எழுதி, பொதுப் பணத்தின் முழுப் பயனையும் பெற வேண்டுகிறோம்.